கம்பியை நீட்ட பட்டடையின் கொம்பைப் பயன்படுத்துங்கள்

இரும்புக் கம்பியை அடித்து நீட்டும்போது, பட்டடையின் (கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் கட்டை) தட்டையான முகத்தில் வைக்காமல், அதன் ஒரு முனையில் கூம்பாக நீண்டிருக்கும் கொம்பின் மேல் குறுக்காக வைத்து அடியுங்கள். அதே சூட்டில், குறைந்த அடியில் கம்பி நீளும்.

தட்டை முகத்தில் அடிக்கும்போது இரும்பு நீளத்திலும் அகலத்திலும் சேர்ந்தே பரவும். பாதி உழைப்பு அகலத்துக்குப் போய்விடும். கொம்பு வளைவாக இருப்பதால் கம்பியின் அடிப்பக்கம் ஒரு குறுகிய கோட்டில்தான் படுகிறது. இரும்பு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, அதாவது நீளவாக்கில் ஒதுங்குகிறது. கொம்பு பட்ட இடங்களில் வரிசையாகப் பள்ளம் விழும். விழட்டும், அதுதான் வேண்டும். அப்புறம் தட்டை முகத்துக்கு மாற்றி மட்டப்படுத்திக்கொள்ளலாம். சில அடிகளுக்கு ஒருமுறை கம்பியைக் கால் சுற்று திருப்ப மறக்காதீர்கள், இல்லையென்றால் பட்டையாகிவிடும்.

கொம்பில்லாத பட்டடையா? மழுங்கலாக உருண்ட விளிம்பு போதும். கூரான விளிம்பு மட்டும் வேண்டாம். அது இரும்பில் வெட்டு விழ வைக்கும், அந்த வெட்டு அடுத்த அடியில் மடிந்து உள்ளே போய்விடும்.

ஏற்கெனவே மெலிந்துவிட்ட கம்பிக்கும், கடைசி மெருகு வேலைக்கும் இது சரிப்படாது. பள்ளத்தை நிரவ அங்கே சதை இருக்காது. நல்ல ஆரஞ்சு நிறம் போய் மங்கிய சிவப்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டுத் திரும்ப உலையில் வையுங்கள்; முக்கியமாகக் கரிமம் அதிகமுள்ள எஃகை அந்தச் சூட்டில் அடித்தால் விரிசல் விடும்.