மணிலா வாத்தில் ஆண் எது, பெட்டை எது? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சந்தையில் "ஜோடி" என்று சொல்லிக் கூடையில் போட்டுத் தரும் இரண்டு இளம் மணிலா வாத்துகளும் ஆணாகவே இருந்துவிடுவது அபூர்வமல்ல. விற்பவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கலந்து அடைத்த கூடையிலிருந்து கைக்குச் சிக்கிய இரண்டை எடுத்துத் தரும் அவருக்கே பல நேரங்களில் தெரிந்திருக்காது. மாதக்கணக்கில் தீவனம் போட்டு, முட்டைக்காகக் காத்திருந்து, கடைசியில் இரண்டும் ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்விச் சண்டையிடும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

மணிலா வாத்து என்று நம் ஊரில் அழைக்கப்படும் மஸ்கோவி வாத்தின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. நாட்டு வாத்து, வெள்ளை பீக்கின், காக்கி கேம்பல் ஆகியவை மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. மணிலா வாத்து அந்தக் குடும்பக் கிளையைச் சேர்ந்ததல்ல, தனி இனம். அதனால் நாட்டு வாத்து வளர்த்துப் பழகியவர்கள் சொல்லித்தரும் அடையாளங்களில் முக்கியமானவை இங்கே பொருந்தாமல் போகின்றன.

தனியாக நிற்கும் ஒரு இளம் வாத்தைக் காட்டி "இது ஆணா, பெட்டையா?" என்று கேட்டால், அனுபவசாலியும் தயங்குவார். ஒரே நாளில் பொரித்த நாலைந்தைச் சேர்த்து நிறுத்தினால், முதல்முறை பார்ப்பவரும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். இந்த விளக்கம் முழுவதும் அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதைத்தான் சொல்லித்தருகிறது.

முதல் படி: நாட்டு வாத்துப் பாடத்தை ஒதுக்கி வையுங்கள்

நாட்டு வாத்தில் ஆணுக்கு வாலின் மேல் ஓரிரு இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மணிலா வாத்தில் ஆணுக்கும் அது கிடையாது. சுருள் இறகைத் தேடினால் கூட்டம் முழுவதும் பெட்டை என்றே தோன்றும்.

நிறமும் பெரும்பாலும் உதவாது. கறுப்பு, வெள்ளை, இரண்டும் கலந்தது, சாக்லேட், நீலச் சாம்பல் என எந்த நிறத்திலும் ஆணும் உண்டு, பெட்டையும் உண்டு. கறுப்பு இறகில் வெயில் பட்டால் தெரியும் பச்சை மினுமினுப்பு இரண்டுக்கும் பொது. ஆணிடம் சற்றுத் தூக்கலாக இருக்கலாம், அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வாலை ஆட்டுவது, தலையை முன்னும் பின்னும் அசைத்து "பேசுவது", தண்ணீரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது ஆகியவற்றையும் நம்ப வேண்டாம். பெட்டைகளும் இவற்றைச் செய்யும். கூர்முனை முட்டையில் ஆண், உருண்டை முட்டையில் பெட்டை என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பாதிக்குப் பாதி சரியாகத்தான் அமையும். நாணயத்தைச் சுண்டினாலும் அதே பலன் கிடைக்கும்.

இரண்டாம் படி: வளர்ந்த வாத்தில் முதலில் உடம்பைப் பாருங்கள்

எல்லோரும் நேராக முகத்தின் சிவப்பைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல, உடம்பின் பருமன். மணிலா வாத்தில் ஆணுக்கும் பெட்டைக்கும் உள்ள எடை வேறுபாடு மற்ற வளர்ப்பு வாத்துகளில் காணாத அளவுக்குப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் நாலரை முதல் 6 கிலோவைத் தாண்டியும் போகும். பெட்டை இரண்டரை முதல் மூன்றரை கிலோவோடு நின்றுவிடும். கொல்லையில் மேய்ந்து வளர்பவை இதைவிடக் குறையலாம். ஆனால் ஆண் பெட்டையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்ற விகிதம் அங்கேயும் பெரிதாக மாறாது.

எடை போடுவது கடினமில்லை. ஒரு சாக்கின் மூலையில் தலை வெளியே வரும் அளவுக்கு ஓட்டை போட்டு, வாத்தை உள்ளே விட்டு, சாக்கின் வாயைக் கட்டித் தொங்குதராசில் மாட்டினால் போதும். பிடிக்கும்போது கவனம் தேவை. மணிலா வாத்தின் கால் நகங்கள் கூர்மையானவை. மரத்திலும் சுவரிலும் ஏறி உட்காரும் இனம் இது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காதீர்கள். பொழுது சாய்ந்து அது அமைதியான பிறகு ஒரு துணியை மேலே போட்டு, இரண்டு இறக்கைகளையும் உடம்போடு அணைத்துத் தூக்கி, தலை பின்பக்கம் பார்க்கும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் அடியிலிருந்து கால்களைத் தாங்குங்கள். முழுக்கை சட்டை நல்லது.

கையில் எடுத்திருக்கும்போதே காலையும் பாருங்கள். ஆணின் கால் தடித்து, பாதம் அகன்று, விரல்கள் முரட்டுத்தனமாக இருக்கும். கழுத்தும் தலையும் பெருத்திருக்கும். பெட்டையின் தலை சிறுத்து, கழுத்து மெலிந்திருக்கும். பறப்பதிலும் வேறுபாடு தெரியும். எடை குறைந்த பெட்டை எளிதாக வேலி தாண்டிக் கூரையில் போய் உட்காரும். முழுதாக வளர்ந்த ஆண் தரையை விட்டு எழும்பவே சிரமப்படும்.

மூன்றாம் படி: முகம்

இப்போது முகத்துக்கு வரலாம். வளர்ந்த ஆணின் கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் சிவந்த சதைப்பருக்கள் அடர்ந்து, கன்னம் வரை ஒரு முகமூடிபோலப் பரவியிருக்கும். அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் ஒரு குமிழ் புடைத்திருக்கும். கோபம் வந்தாலோ பெட்டையைக் கண்டாலோ உச்சந்தலை இறகுகள் சிலிர்த்துக் கொண்டையாக நிற்கும். பெட்டைக்கும் கொண்டை உண்டு, ஆனால் சிறியது.

பெட்டைக்கும் முகத்தில் சிவப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழக்கமாக அது கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதியோடு நின்று, தட்டையாக இருக்கும். வயது ஏற ஏற அதுவும் தடிக்கும். சில வம்சாவழிகளில் பெட்டைக்கே நல்ல சதைப்பற்று வந்துவிடுவதும், சில வம்சாவழிகளில் ஆணுக்கே மிதமாக இருப்பதும் உண்டு. மூன்று வயதுப் பெட்டையையும் ஐந்து மாத ஆணையும் பக்கத்தில் நிறுத்தினால், முகத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். எனவே விற்பவரிடம் முதலில் வயதைக் கேளுங்கள், பிறகு முகத்தைப் பாருங்கள்.

நான்காம் படி: காது கொடுங்கள்

என்னைக் கேட்டால், கண்ணைவிடக் காதுதான் இந்த விஷயத்தில் நம்பகமானது. மணிலா வாத்து நாட்டு வாத்தைப் போல ஓயாமல் "குவாக் குவாக்" என்று கத்தாது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை என்று பலர் இதை விரும்புவதற்கு அதுவே காரணம். வளர்ந்த ஆணிடமிருந்து குரலே வராது. வாயைத் திறந்து பாம்பு சீறுவதுபோல "ஹஹ்… ஹஹ்…" என்று காற்றை மட்டும் வெளியே தள்ளும். பெட்டைக்கு உண்மையான குரல் உண்டு. மெல்லிய "பிப் பிப்", அதற்கு நடுவில் உருளும் ஓசை, பயந்தால் சுருக்கமான ஒரு "குவாக்".

சோதிக்கும் முறை இதுதான். தீவனம் வைக்கும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். எது எந்த ஒலி எழுப்புகிறது என்று பிரித்தறிய முடியாவிட்டால், ஒன்றை மட்டும் கூண்டில் தனியாக விட்டு, மற்றவை கண்ணில் படும்படி சிறிது நேரம் வையுங்கள். பெட்டையானால் பெரும்பாலும் குரல் கொடுத்துக் கூப்பிடும். ஆண் மூச்சிரைப்பதுபோலச் சீறிக்கொண்டு நடைபோடும்.

அடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டையும், குஞ்சோடு திரியும் தாயும், பக்கத்தில் போனால் சீறும். அந்த நேரத்தில் கேட்டதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆனால் முப்பத்தைந்து நாள் அடைகாத்துக்கொண்டிருக்கும் ஒன்றை ஆணா, பெட்டையா என்று சோதிக்கவும் வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வளரும் குஞ்சுகளில் கண்டுபிடிப்பது

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது இதுதான். மூன்று மாதம்கூட ஆகாத வாத்துகள் வீட்டில் நிற்கின்றன, எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?

முதல் மூன்று வாரம் எதுவும் செய்ய வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரி கீச்சிடும், ஒரே அளவில் இருக்கும். மூன்றாம் வாரத்தில் ஒவ்வொன்றின் காலிலும் வெவ்வேறு நிறத்தில் தளர்வான பிளாஸ்டிக் வளையம் மாட்டுங்கள். கால் வேகமாகத் தடிக்கும் பருவம் இது. வாரம் ஒருமுறை வளையம் இறுகியிருக்கிறதா என்று பார்த்து மாற்றாவிட்டால் காலை அறுத்துவிடும். நூல் கட்டவே கூடாது.

பிறகு வாரத்தில் ஒரு நாள், காலையில் தீவனம் வைக்கும் முன், ஒவ்வொன்றையும் எடை போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாலாம், ஐந்தாம் வாரத்தில் எண்கள் மெல்ல இரண்டு கூட்டமாகப் பிரியத் தொடங்கும். ஆறு, ஏழு வாரத்தில் அந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். கனமான கூட்டத்தில் கால் தடித்தும், அலகு அகன்றும், தலை பருத்தும் இருந்தால் அவை ஆண்கள். இலேசான கூட்டத்தில் இறக்கை இறகுகள் சீக்கிரம் நிரம்பி, உடம்பு முன்னதாகவே முழு வாத்தின் வடிவுக்கு வந்திருக்கும், அவை பெட்டைகள். பெட்டை சீக்கிரம் வளர்ந்து நிற்கும், ஆண் இன்னும் வளர்ந்துகொண்டே போகும். பிரான்சில் இறைச்சிக்காக இவற்றை வளர்க்கும் பண்ணைகள் பெட்டைகளைச் சுமார் 10 வாரத்திலும் ஆண்களைச் சுமார் 12 வாரத்திலும் விற்பனைக்கு அனுப்புவது இந்தக் காரணத்தால்தான்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒன்று நின்றால் அவசரப்பட வேண்டாம். அது தீவனத்தட்டில் மற்றவற்றால் விரட்டப்படும் ஆணாக இருக்கலாம். குடற்புழு இருக்கும் ஆணும் பெட்டையின் எடையில்தான் நிற்கும். அப்படிப்பட்டதில் எண்ணை விட்டுக் காலையும் அலகையும் பாருங்கள். மெலிந்த ஆணுக்கும் கால் பெரிதாகவே இருக்கும்.

மூன்றாம் மாதத்தில் ஆணின் குரல் கரகரத்து அடங்கத் தொடங்கும், கண்ணருகே சிவப்புத் தட்டும். எடை, கால், குரல் மூன்றும் ஒரே பக்கம் சொன்னால் முடிவெடுக்கலாம். இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் சொன்னால் இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். முகம் முழுதாக விரிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேறு வேறு வயதுக் குஞ்சுகளைக் கலந்து வளர்த்தால் இந்த முறை உடைந்துபோகும். பத்து நாள் மூத்த பெட்டை, இளைய ஆணின் எடையைக் காட்டிவிடும். வளையத்தின் நிறத்தோடு பொரித்த தேதியையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஒருநாள் குஞ்சு என்றால்?

பொரிப்பகங்களில் எச்சத்துவாரத்தை விரித்துப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பெரும்பாலான பறவைகளில் ஆணுக்குத் தனி உறுப்பு இல்லை. வாத்துக்கு உண்டு, குஞ்சிலேயே சிறு முனையாகத் தெரியும். பழகிய கைக்கு இது நொடிப்பொழுது வேலை. பழகாத கை அழுத்தினால் குஞ்சு உள்ளே காயப்பட்டு இறந்துபோகலாம். வீட்டில் பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் இதை முயல்வதில் எந்த இலாபமும் இல்லை, இரண்டு மாதத்தில் தானாகவே தெரியப்போகிறது. அவசரம் இருந்தால் இறகு அல்லது இரத்த மாதிரியை அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ளலாம், விலை உயர்ந்த இனவிருத்தி வாத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

முன்பு சொன்ன நிற விதிவிலக்கு இங்கேதான் பயன்படுகிறது. சாக்லேட் நிற ஆணையும் கறுப்புப் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் எல்லாம் சாக்லேட், ஆண்கள் எல்லாம் கறுப்பு. மகள் இந்த நிற மரபணுவைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறாள். மகனுக்கு இருவரிடமிருந்தும் வருகிறது, அங்கே கறுப்பு சாக்லேட்டை மறைத்துவிடுகிறது. பொரித்த அன்றே குஞ்சின் மென்தூவி நிறத்தில் இதைப் பார்க்கலாம். ஜோடியை மாற்றி, கறுப்பு ஆணோடு சாக்லேட் பெட்டையைச் சேர்த்தால் இந்தக் கணக்கு வேலை செய்யாது. வெள்ளை கலந்த வாத்துகளிலும் நிறத்தை நம்பி இறங்க வேண்டாம்.

தெரிந்த பிறகு

ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டைகள் போதும். உபரி ஆண்களைச் சின்ன அடைப்பில் சேர்த்து வைத்தால் நகத்தால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். கோழிகளோடும் ஆணைத் தனியே விடாதீர்கள். அது கோழிப் பெட்டையின் மேல் ஏறப் பார்க்கும், கோழி அந்த எடையைத் தாங்காது.

நாட்டு வாத்துப் பெட்டையோடு மணிலா ஆணைச் சேர்த்துப் பிறந்த கலப்பு வாத்துகள் உங்களிடம் இருந்தால் மேலே சொன்னவற்றை அப்படியே பொருத்த வேண்டாம். அவற்றில் ஆணும் பெட்டையும் ஏறத்தாழ ஒரே எடையில் வளரும், முகச் சிவப்பும் அதிகம் வராது. அவை மலடுகளாதலால் குஞ்சு எடுக்க உதவாது; இறைச்சிக்கு என்றால் இரண்டும் ஒன்றுதான்.