காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு ஏற்காட்டிலிருந்து இறங்குமுன்

மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் இரண்டு வகைகளையாவது உரிய அளவில், ஒவ்வொன்றையும் நான்கு முதல் ஆறு வாரங்கள் விடாமல் சாப்பிட்டும் தேறாதவர்களுக்கு, மனநல மருத்துவர்கள் டி.எம்.எஸ். என்னும் காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதுண்டு. ஆகவே பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடியெடுத்து, எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தப்பட்டது என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாளில் கைவிட்ட மாத்திரையைப் பலனளிக்காத மாத்திரை என்று மருத்துவர் கொள்ளமாட்டார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டி, இந்தச் சிகிச்சை பொருந்துமா, எங்கே பெறலாம் என்று கேட்கலாம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் இது அளிக்கப்படுகிறது.

இதில் மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருக்க, நெற்றியின் இடப்புறம் சற்று மேலே ஒரு மின்சுருளை வைப்பார்கள்; அதில் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் எழுப்பும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய இம்முறையை, மனச்சோர்வுக்கென அமெரிக்கா 2008இல் அனுமதித்தது. ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று அஞ்சப்படும் மின்னதிர்வுச் சிகிச்சை (ஈ.சி.டி.) வேறு. உணவை மறுக்கும் நிலையிலோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றிய நிலையிலோ மருத்துவர் அதையே முதலில் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள். அது விரைந்து பலன் தரும் நல்ல சிகிச்சை.

மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய தடை பயணம்தான். வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரவேண்டும். பழைய முறையில் ஓர் அமர்வு முக்கால் மணி நேரத்தை நெருங்கும். தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் சுமார் மூன்று நிமிடம் போதும், அது பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. எந்த முறை என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்று நிமிடத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் இறங்கி ஏறுவது, படுக்கையை விட்டு எழவே சிரமப்படும் ஒருவருக்குப் பெரும் பாரம். ஆகவே அந்த வாரங்களில் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரியலாம், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் துணைக்கு வர ஆள் கிடைக்காது. ஆனால் நோய் கடுமையாக இருந்தால் எந்தப் பருவத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

தலைக்குள்ளோ அருகிலோ உலோகம் உண்டா என்பதை ஒளிவின்றிச் சொல்லுங்கள். காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், இதயத் துடிப்புக் கருவி ஆகியவற்றை மட்டுமல்ல, லேத்திலோ வெல்டிங்கிலோ செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலோ வேலை பார்த்தபோது கண்ணில் துகள் தெறித்திருந்தால் அதையும் சொல்லவேண்டும். பலர் அதை நோயோடு தொடர்பற்றது என்று விட்டுவிடுகிறார்கள். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசியைக் கழற்றிவிடுங்கள். வலிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ, முந்தைய இரவு தூங்காதிருந்தாலோ அது கூடும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

முதல் நாளில் கட்டைவிரல் துடிக்கும் வரை தூண்டலைக் கூட்டிப் பார்த்து, உங்களுக்கான வலிமையை நிர்ணயிப்பார்கள். டக்டக்கென்ற சத்தத்துக்குக் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். தலைவலியும் தலைத்தோல் வலியும் பெரும்பாலும் முதல் வாரத்துக்குப் பின் தணியும்.

பலன் இரண்டு, மூன்று வாரம் கழித்தே தெரியத் தொடங்கலாம். அதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று நின்றுவிடாதீர்கள். பாதிப்பேர் அளவுக்கு நல்ல முன்னேற்றம் காண்கிறார்கள், எல்லோரும் அல்ல. மனநலச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் உள்நோயாளியாகத் தங்காத சிகிச்சைக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை என்பதால், தொடங்குமுன்பே நிறுவனத்திடம் எழுத்தில் பதில் பெறுங்கள். காத்திருக்கும் நாட்களில் மனம் தாங்கமுடியாத நிலைக்குப் போனால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு இரவானாலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.