ரயில் கம்பெனி ஓட்டல் நடத்தினால்: க்ளேசியர் பூங்காவில் நடந்த தவறுகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது க்ளேசியர் தேசியப் பூங்கா. 1910 மே மாதம் அது பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் தெற்கு ஓரமாகவே கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் தண்டவாளம் போகிறது. தங்க இடமில்லாத மலைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று யோசித்தார் கம்பெனியின் தலைவர் லூயிஸ் ஹில். ஓட்டல்களைக் கட்டினால் ரயில் நிறையும். கட்டட வேலையைக் கூடவே இருந்து பார்ப்பதற்காகக் கொஞ்ச காலம் தலைவர் பதவியையே விட்டுக்கொடுத்தார் மனிதர்.

1913-ல் ரயில் நிலையத்துக்கு எதிரே க்ளேசியர் பார்க் லாட்ஜ் திறந்தது. 40 அடி உயர டக்ளஸ் ஃபிர் மரங்களைப் பட்டை உரிக்காமல் அப்படியே தூண்களாக நிறுத்திய கூடம் அது. 1915 ஜூலை 4 அன்று ஸ்விஃப்ட்கரன்ட் ஏரிக்கரையில் மெனி க்ளேசியர் ஓட்டல். மலைக்குள்ளே ஒரு நாள் குதிரைப் பயணத்துக்கு ஒன்றாகச் சத்திரங்கள் மாதிரி சின்ன விடுதிகள். 1927-ல் எல்லைக்கு அந்தப்பக்கம், வாட்டர்ட்டனில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஓட்டல். கடைசியில் 1960-ல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ரயில்வே நடையைக் கட்டியது. அந்த அரை நூற்றாண்டில் எங்கெங்கே சறுக்கினார்கள் என்று பார்க்கலாம்.

பெரிய தவறு கணக்குப் புத்தகத்தில்தான். ஓட்டலை அவர்கள் ஓட்டலாகவே நினைக்கவில்லை. டிக்கெட் விற்கும் விளம்பரப் பலகையாக நினைத்தார்கள். அறை வாடகையில் நஷ்டமா? பரவாயில்லை, சிகாகோவிலிருந்து வந்தவர் ரயிலுக்குக் கொடுத்த பணத்தில் அது சரியாகிவிடும். விருந்தாளிகள் எல்லோரும் ரயிலில் வரும்வரை இந்தக் கணக்கில் பிழையில்லை. 1933 ஜூலையில் மலையைக் குறுக்கே கடக்கும் ‘கோயிங் டு தி சன்’ சாலை திறந்தது. அதற்கு முன்பே கார்கள் பெருகியிருந்தன. காரில் வந்தவர் ஓட்டலில் தங்கினாலும் ரயில்வேக்கு டிக்கெட் பணம் வராது. அறையின் நஷ்டம் மட்டும் தங்கும். பெரும்பாலோர் தங்கவும் இல்லை, கூடாரம் போட்டுக்கொண்டார்கள். ஓட்டலுக்குத் தனிக் கணக்கு எழுதி, ‘நாளைக்கு ஒருவர்கூட ரயிலில் வராவிட்டால் இது நிற்குமா?’ என்று 1920-களிலேயே கேட்டிருக்க வேண்டும். ரயில்வே ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. கார்க்காரர்களுக்காக மலிவான குடில்களைக் கட்டியது. ஆனால் தாமதமாக. குதிரைப் பயணத்தை நம்பி எழுப்பிய மலைவிடுதிகள் பல, உலகப் போரில் பூட்டிக் கிடந்து பாழாகி, 1940-களில் இடிபட்டன.

அடுத்தது பருவம். அங்கே ஜூன் நடுவில் திறந்தால் செப்டம்பர் நடுவில் மூட வேண்டும். 90 நாள் வியாபாரம், 365 நாள் செலவு. குளிர்காலத்தில் ஆள் இல்லாத கட்டடம்தானே என்று விட முடியாது. குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் உறைந்து வெடிக்கும். கூரையில் ஏறும் பனியைத் தள்ளாவிட்டால் உத்திரம் வளையும். இதற்கென்றே காவலாள் ஒருவர் குளிர்காலம் முழுக்கத் தனியாக அங்கே கிடக்க வேண்டும். பரிமாறவும் படுக்கை விரிக்கவும் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். வேலை கைக்குப் பிடிபடும் நேரத்தில் கல்லூரி திறந்துவிடும்; அடுத்த வருஷம் வேறு முகங்கள். மெனி க்ளேசியர் இருப்பதோ ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி. கோழிமுட்டை வரைக்கும் அந்தத் தூரம் பயணப்பட்டாக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதை வைத்துப் பார்த்தால் அறைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது கெட்டிக்காரத்தனம் இல்லை. மூடிக்கிடக்கும் ஒன்பது மாதத்தில் ஒவ்வோர் அறையும் தின்றுகொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த கதை. நிலம் யாருடையது என்பதை மறந்த கதை. க்ளேசியர் பார்க் லாட்ஜ் பூங்கா எல்லைக்கு வெளியே, கம்பெனி விலைக்கு வாங்கிய மண்ணில் நிற்கிறது. மெனி க்ளேசியர் அப்படியில்லை. கட்டடம் ரயில்வேயுடையது, மண் அரசாங்கத்தினுடையது. அந்த ஓட்டலுக்கான மரத்தை அங்கேயே அறுத்தெடுக்க ஒரு மர அறுவை ஆலை வைத்திருந்தார்கள். ஓட்டல் எழும்பிய பிறகும் ஆலை போகவில்லை. எடுங்கள் என்று பூங்கா நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று கம்பெனி இழுத்தது. 1925 ஆகஸ்டில் தேசியப் பூங்காத் துறையின் இயக்குநர் ஸ்டீபன் மேதர் வந்திருந்தார். ஆலை இன்னும் நிற்பதைப் பார்த்தார். அப்புறம் நோட்டீஸ் எல்லாம் இல்லை, வெடிமருந்துதான். ஓட்டல் விருந்தாளிகளை வேடிக்கை பார்க்க அழைத்து, முதல் திரியைத் தானே கொளுத்தினார். எதற்கு இந்த வெடி என்று கேட்டவரிடம், மகளின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறேன் என்றாராம். மேதர் செய்தது முறைதானா என்பது வேறு பேச்சு. நாட்டின் பெரிய ரயில்வேகளில் ஒன்று, தன் ஓட்டல் வாசலில் தன் சொத்து வெடித்துச் சிதறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அரசு நிலத்தில் தொழில் செய்பவர், ‘தற்காலிகம்’ என்று அனுமதி வாங்கியதைத் தேதி போட்டு அகற்றிவிடுவது நல்லது.

பாதி கட்டிய பிறகு வரைபடத்தை மாற்றுவது இன்னொரு வியாதி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் எழும்பிக்கொண்டிருந்தபோது ஹில் திரும்பத் திரும்ப மாற்றங்கள் சொன்னார். கட்டியதைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு நடுவில் வாட்டர்ட்டனின் பேய்க்காற்று அடித்து, எலும்புக்கூடாக நின்ற கட்டடமே இடம் நகர்ந்தது. கம்பி வடம் கட்டி இழுத்தும் முழுதாகப் பழைய இடத்துக்கு வரவில்லை. எல்லை தாண்டிப் போய்க் கட்டியதற்கு ஒரு காரணம், அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. திறந்த ஆறே ஆண்டில், 1933-ல், அந்த விலக்கும் போய்விட்டது. சட்டத்தை நம்பி ஓட்டல் கட்டுவது இப்படித்தான்.

நெருப்பு. மரத்தால் கட்டி, காட்டுக்குள் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயை அப்புறம் யோசிப்பது. 1936 ஆகஸ்ட் 31 அன்று ஹெவன்ஸ் பீக் காட்டுத்தீ மலைமுகட்டைத் தாண்டி மெனி க்ளேசியர் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஊழியர்கள் கூரையை நனைத்து நனைத்து ஓட்டலைக் காப்பாற்றினார்கள்; அக்கம்பக்கத்துச் சிறு கட்டடங்கள் பல போய்விட்டன. ஓட்டலைக் காப்பாற்றிவிட்டோம் என்று தலைமை அலுவலகத்துக்குத் தந்தி போக, ‘ஏன்?’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கம்பெனியின் மனநிலைக்குப் பொருத்தமான கதை. யூனியன் பசிஃபிக் ரயில்வே கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில் 1928-ல் திறந்த லாட்ஜ் 1932-ல் எரிந்தது. 1937-ல் மறுபடி எழுந்து, 2025 ஜூலையில் காட்டுத்தீயில் மறுபடி எரிந்தது. யெல்லோஸ்டோன் பூங்காவில் நார்தர்ன் பசிஃபிக் ரயில்வேயின் ஆதரவில் 1904-ல் வந்த ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன்’ ஓட்டல், 1988 பெருந்தீயில் தப்பியதற்குக் கூரையில் பொருத்தியிருந்த தண்ணீர்த் தெளிப்பான்களும் ஒரு காரணம்.

அந்தப் பகுதியின் பழங்குடிகளான பிளாக்ஃபீட் மக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூங்காவின் கிழக்குப் பாதி 1895 ஒப்பந்தம் வரை அவர்களுடைய மண். ரயில்வே அவர்களைப் பாரம்பரிய உடையில் நிறுத்தி ரயிலை வரவேற்க வைத்தது, லாட்ஜ் புல்வெளியில் கூடாரம் போட வைத்தது, காலண்டரில் அச்சடித்தது. மண்ணுக்கு உரியவர்களை வியாபாரத்தில் பங்காளிகளாகச் சேர்க்காமல் அலங்காரமாக வைத்ததைத் தவறு என்று சொல்வதே குறைவு.

கடைசியாக ஒரு மாடிப்படி. மெனி க்ளேசியர் கூடத்தின் நடுவில் சுழன்று கீழே இறங்கும் அழகான படிக்கட்டு ஒன்று இருந்தது. 1957-ல், ஓட்டல்களை எப்படிக் கைகழுவுவது என்று ரயில்வே யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், பரிசுப்பொருள் கடைக்கு இடம் வேண்டும் என்று அதைப் பிடுங்கிப்போட்டார்கள். 2017-ல் பழைய படங்களைப் பார்த்து, அதே இடத்தில், அதே வளைவில் புதிதாகச் செய்து வைத்தார்கள். இந்தத் தடவை கடைதான் இடத்தைக் காலி செய்தது.