அடுக்குமாடி வீட்டில் டைல்ஸ் தரை: சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்காமல் போடும் முறை

கீழக்கரையில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. சிமெண்டுத் தரைமேல் விரித்திருந்த வினைல் கிழிந்துபோனதால் ஹாலுக்கு விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டோம். ஒரு வாரத்தில் கீழ்வீட்டு லாத்தா (அக்கா) மேலே வந்தார். "தம்பி, நீங்க நாற்காலிய இழுத்தா எங்க தொட்டில்ல கெடக்குற புள்ள முழிச்சிக்குது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஹாலை மட்டும் பெயர்த்து மறுபடி போட்டோம். அப்போது கற்றதை முதல்முறை தரை போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம். வீடு நம் பெயரில் இருந்தாலும் தூணும் பீமும் எல்லாருக்கும் பொது. எத்தனை சதுர அடி, டைல்ஸின் தடிமன், சத்தத்தைத் தடுக்க அடியில் விரிப்பது என்ன மெத்தை, எத்தனை நாள் வேலை, இடிபாடு எந்த வழியாக இறங்கும் என எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். கீழ்வீட்டில் நேரில் போய்ச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மெஷின் ஓடக்கூடாது.

அப்புறம் எடைக் கணக்கு. பழைய தரையை எடுக்காமல் அதன்மேல் ஒரு அங்குலக் கலவையும் டைல்ஸும் போட்டால் சதுர அடிக்கு ஏறக்குறைய 7 கிலோ கூடும். 200 சதுர அடி ஹாலுக்கு 1,400 கிலோ. வீட்டுத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி தரும் பயன்பாட்டுச் சுமையே (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடும். பழையதன் மேலேயே போடுவதென்றால் பசை வைத்து ஒட்டுங்கள், கலவை வேண்டாம். எதுவானாலும் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள்.

பெயர்க்கும்போது ஸ்லாபுக்குள் (கான்கிரீட் தளத்துக்குள்) ஆழமாக உடைக்கும் பிரேக்கர் மெஷினை இறக்க விடாதீர்கள். கீழ்வீட்டு ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் பைப் அதற்குள்தான் இருக்கிறது.

தண்ணீர், மணல். நம் கரையோரத்தில் இதுதான் பெரிய விஷயம். கிணற்று உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது ஸ்லாபுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து கீழ்வீட்டுச் சீலிங் பெயரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456. லாரியில் நல்ல தண்ணீர் வாங்குங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

இப்போது மெத்தை. நாற்காலி இழுபடும் சத்தம் காற்றில் போவதில்லை, ஸ்லாப் வழியாக இறங்குகிறது. அதனால் டைல்ஸுக்கும் ஸ்லாபுக்கும் நடுவில் ரப்பர் அல்லது கார்க் மெத்தை வேண்டும். டைல்ஸுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். மிருதுவான ஃபோம் போட்டால் டைல்ஸ் விரிசல் விடும். பாக்கெட்டில் ஐ.ஐ.சி. என்று ஒரு எண் இருக்கும்; தட்டல், இழுபடல் சத்தம் கீழே இறங்காமல் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. கூடக்கூட நல்லது. அமெரிக்கக் கட்டட விதி அடுக்கு வீடுகளுக்கு ஆய்வகத்தில் 50, கட்டிய இடத்தில் அளந்தால் 45 கேட்கிறது. ஆனால் அந்த எண்ணை எந்தத் தடிமன் ஸ்லாபில் அளந்தார்கள், கீழே ஃபால்ஸ் சீலிங் இருந்ததா என்றும் பாருங்கள். வெறும் ஸ்லாப் என்றால் பலன் குறையும்.

மெத்தையைவிட முக்கியம் ஓரம். மெத்தை விரிக்கும் முன்பே சுவரைச் சுற்றி, தூணைச் சுற்றி, கதவு நிலை அருகிலும் 8 மில்லிமீட்டர் ஃபோம் பட்டையை நிறுத்தி ஒட்டுங்கள். டைல்ஸ் எந்த இடத்திலும் சுவரைத் தொடக்கூடாது. ஒரு கரண்டி கலவை அந்த இடைவெளியில் விழுந்து இறுகினால் போதும், சத்தம் அதன் வழியே சுவருக்கு ஏறிவிடும். எங்கள் கொத்தனார் பழக்கத்தில் ஓரத்தை க்ரவுட்டால் (டைல்ஸ் இணைப்புகளை அடைக்கும் கலவை) நிரப்பப் போனார்; பக்கத்திலேயே நின்று நிறுத்தினேன். ஸ்கர்ட்டிங்கையும் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் தூக்கி ஒட்டி, அந்த இடுக்கில் சிலிக்கான் வையுங்கள். பட்டையின் மிச்சத்தைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிவிட்டு, கீழ்வீட்டாரைப் போனில் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். நான் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாற்காலியை இழுத்துவிட்டு நின்றேன். "இன்னும் இழுக்கலியா தம்பி?" என்றார் லாத்தா.