ஒரு குரூசரின் போரை வரைபடத்தில் வரைவது எப்படி? எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட், 1939–1944

இரண்டாம் உலகப் போரின் கடற்சண்டைகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் பலரும் இரண்டாவது பக்கத்திலேயே திசை தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். கப்பல் பெயர்களும் அட்சரேகைகளும் படையணி எண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு அதன் நடமாட்டத்தைப் பென்சிலால் வரைபடத்தில் வரைவது. இந்தப் பாடத்துக்கு நான் எடுத்திருப்பது பிரிட்டிஷ் கடற்படையின் பெல்ஃபாஸ்ட் என்ற குரூசரை, அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பலை. ஸ்காட்லாந்து, நார்வே, ரஷ்யாவின் வடமுனை ஆகியவற்றை ஒட்டிய கடலில்தான் அதன் போரின் பெரும்பகுதி நடந்தது. கடற்படை பற்றி முன்னறிவு எதுவும் வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

தேவையானவை

வடக்கு அட்சரேகை 50 முதல் 76 பாகை வரையிலும், மேற்கே 15 பாகையிலிருந்து கிழக்கே 45 பாகை வரையிலும் காட்டும் ஒரு வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகள் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஜியோமெட்ரி பெட்டியிலுள்ள கவராயம், கறுப்புப் பென்சில், நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று நிறப் பென்சில்கள். ரோந்துக்கும் வழித்துணைக்கும் நீலம். எதிரியைச் சுடாமல் பின்தொடர்ந்த தூரத்துக்குப் பச்சை. பீரங்கி முழங்கிய இடங்களுக்கு மட்டும் சிவப்பு. கறுப்பு மற்றக் கப்பல்களுக்கு.

படி 1: தூரம் அளக்கப் பழகுங்கள்

கடலில் தூரம் கடல் மைலில் சொல்லப்படும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட் வேகம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல் என்பதால், வரைபடத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் இருக்கும் அட்சரேகை எண்களே உங்களுக்கு அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. வடக்கே போகப் போக நிலமும் கடலும் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். 58 பாகைக்கு அருகில் ஒரு சென்டிமீட்டர் காட்டும் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதியைத்தான் 74 பாகைக்கு அருகில் அதே ஒரு சென்டிமீட்டர் காட்டும். ஆகவே எந்த இடத்தில் அளக்கிறீர்களோ, அதே உயரத்தில் உள்ள ஓர அளவைக் கவராயத்தில் எடுங்கள். கீழ் மூலையில் அச்சடித்திருக்கும் அளவுகோலைத் தொடவே தொடாதீர்கள்.

பயிற்சிக்கு, நார்வேயின் வடமுனை (71°10′ வடக்கு, 25°47′ கிழக்கு), பேர் தீவு (74°30′ வடக்கு, 19° கிழக்கு) இரண்டையும் குறித்து இடைவெளியை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 230 கடல் மைல் வந்தால் கை பழகிவிட்டது.

படி 2: எந்த வகைக் கப்பல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுப் போன எம்டன் ஒரு இலகு குரூசர். பெல்ஃபாஸ்டும் அதே இனம்தான், உருவத்தில் மிகப் பெரிது. நீளம் 187 மீட்டர், வேகம் 32 நாட், நான்கு கோபுரங்களில் மும்மூன்றாகப் பன்னிரண்டு 6 அங்குலப் பீரங்கிகள்.

வரைபடத்தின் ஓரத்தில் இந்தப் பீரங்கி அளவுகளை எழுதி வையுங்கள்: பெல்ஃபாஸ்ட், ஷெஃபீல்ட், ஜமைக்கா 6 அங்குலம், நார்ஃபோக் 8, ஜெர்மனியின் ஷார்ன்ஹோர்ஸ்ட் 11, பிரிட்டனின் டியூக் ஆஃப் யார்க் 14. பின்னால் நடக்கும் சண்டையில் யார் யாரைக் கண்டு ஒதுங்கினார்கள் என்பதற்குப் பாதி விளக்கம் இந்த எண்களில் இருக்கிறது. குரூசரின் முதல் வேலை தேடுவது, கண்டுபிடிப்பது, கண்டதை விடாமல் பெரிய கப்பலுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. புத்தக அட்டைகளில் நெருப்பைக் கக்கும் பீரங்கிகளைப் போட்டே நம் மனதில் வேறொரு படத்தைப் பதித்துவிட்டார்கள்.

படி 3: 1939-ஐக் குறியுங்கள்

முதல் புள்ளி பெல்ஃபாஸ்ட் நகரம். அங்குள்ள ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் கட்டப்பட்டு 1938 மார்ச் 17 அன்று, அயர்லாந்தின் புனித பேட்ரிக் திருநாளில், நீரில் இறக்கப்பட்டது. இறக்கி வைத்தவர் அன்றைய பிரதமர் நெவில் சேம்பர்லினின் மனைவி. 1939 ஆகஸ்ட் 5 அன்று சேவையில் சேர்ந்தது. போர் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை.

இரண்டாவது புள்ளி ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் உள்ள ஸ்காபா ஃப்ளோ. பிரிட்டனின் தலைமைக் கப்பற்படைத் தளம் இதுதான். இங்கிருந்து ஃபாரோ தீவுகள் பக்கம் ஒரு நீலக் கோடு போடுங்கள். ஜெர்மனிக்குச் சரக்குக் கொண்டுபோகும் கப்பல்களை வழிமறிக்கும் ரோந்து அது. அக்டோபர் 9 அன்று ஸ்வீடன் கப்பல் என்று வேடமிட்டு வந்த காப் நார்ட்டே என்ற 13,000 டன்னுக்கும் மேற்பட்ட ஜெர்மன் பயணிகள் கப்பலை பெல்ஃபாஸ்ட் பிடித்தது. ஐந்து நாள் கழித்து அதே ஸ்காபா ஃப்ளோவுக்குள் ஜெர்மன் நீர்மூழ்கி புகுந்து ராயல் ஓக் என்ற பெரும்போர்க்கப்பலை மூழ்கடித்தது; எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மூன்றாவது புள்ளியைச் சிறிய கட்டமாகப் போடுங்கள்: எடின்பரோவை ஒட்டிய ஃபோர்த் முகத்துவாரம், நவம்பர் 21. ஜெர்மன் நீர்மூழ்கி யு-21 போட்டுவிட்டுப் போயிருந்த காந்தக் கண்ணிவெடி கப்பலுக்கு அடியில் வெடித்தது. காந்தக் கண்ணியைக் கப்பல் தொட வேண்டியதில்லை. மேலே கடந்து போகும் இரும்பின் காந்தப்புலமே அதைத் தூண்டிவிடும். வெளியே பெரிய ஓட்டை தெரியாத நிலையில் உள்ளே அடிக்கட்டையே முறிந்துபோயிருந்தது.

படி 4: வெற்றிடத்தையும் வரையுங்கள்

தொடக்கக்காரர்கள் தவறாமல் விடுவது இதைத்தான். வரைபடத்துக்குக் கீழே 1939 முதல் 1945 வரை ஒரு காலக்கோடு போடுங்கள். கண்ணிவெடிக்கும் மீண்டும் சேவையில் சேர்ந்த 1942 நவம்பருக்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அந்த நீளம் முழுவதையும் வெறுமையாக விடுங்கள். கப்பல் அப்போது பெரும்பாலும் டெவன்போர்ட் தளத்தில் இருந்தது. வயிற்றுப்பகுதியை அகலப்படுத்தி வலுவூட்டினார்கள். அதைவிட முக்கியமாக, புதிய ராடார்களைப் பொருத்தினார்கள். மூழ்காமல் முடங்கியதில் கிடைத்த பலன் என்றுகூடச் சொல்லலாம். 1943-இன் கடைசி வாரத்தில் அந்த ராடார் என்ன செய்தது என்று பார்க்கத்தான் போகிறோம்.

படி 5: ஆர்க்டிக் கான்வாய் பாதை

ரஷ்யாவுக்கு டாங்கிகளும் விமானங்களும் உணவும் கொண்டுபோன சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் கான்வாய் என்று பெயர். அவற்றின் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 1942 டிசம்பரிலிருந்து ஜேடபிள்யூ என்றால் ரஷ்யாவுக்குப் போவது, ஆர்ஏ என்றால் திரும்பி வருவது. அதற்கு முன் பிக்யூ, க்யூபி என்று இருந்தன.

ஸ்காட்லாந்தின் லாக் யூவிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கிழக்காக மேலேறி, பேர் தீவை ஒட்டித் திரும்பி, மூர்மான்ஸ்க் அருகிலுள்ள கோலா முகத்துவாரத்தில் (69° வடக்கு, 33° கிழக்கு) முடியும்படி ஒரு நீல வளைவு போடுங்கள். ஏன் நேராகப் போகவில்லை? நார்வே ஜெர்மனியின் கையில் இருந்தது. ஏன் இன்னும் வடக்கே ஒதுங்கவில்லை? குளிர்காலத்தில் பனிப்பாறை எல்லை தெற்கே இறங்கி வந்து பாதையை நார்வே பக்கமாக நெருக்கிவிடும். கோடையில் பனி விலகினாலும் இருபத்துநான்கு மணி நேர வெளிச்சத்தில் விமானங்கள் தேடி வந்து அடிக்கும்.

இப்போது நார்வேயின் ஆல்ட்டாஃபியோர்டில் (70° வடக்கு, 23° கிழக்கு) கறுப்பில் ஒரு புள்ளி. ஜெர்மனியின் பெரிய கப்பல்கள் பதுங்கியிருந்த இடம். அங்கிருந்து பேர் தீவுக்கு 50 கடல் மைல் தெற்கே உள்ள புள்ளிக்கு அளந்தால் ஏறத்தாழ 230 கடல் மைல் வரும். 25 நாட் வேகத்தில் ஒன்பது மணி நேரப் பயணம். எட்டு நாட் வேகத்தில் நகரும் கான்வாய் அதே ஒன்பது மணி நேரத்தில் 72 கடல் மைல்தான் போயிருக்கும். அந்தக் கடலில் எல்லாரும் ஏன் ஆல்ட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

பெல்ஃபாஸ்ட் 1943 பிப்ரவரியில் ஜேடபிள்யூ 53 கான்வாயோடு இந்தப் பாதைக்கு வந்தது. 10-ஆம் குரூசர் அணியின் கொடிக்கப்பல், அதாவது அணித் தளபதி இருக்கும் கப்பல். அந்தத் தளபதி ரியர் அட்மிரல் ராபர்ட் பர்னெட், கப்பலின் கேப்டன் ஃபிரெடெரிக் பாரம். மேல்தளத்தில் தெறிக்கும் கடல்நீர் விழுந்த இடத்திலேயே உறையும். பனியின் எடை மேலே கூடினால் கப்பல் கவிழும் அபாயம் உண்டு என்பதால், மாலுமிகள் கோடரியும் சுத்தியலும் கொண்டு அதைக் கொத்திக் கடலில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 6: 1943 டிசம்பர் 26

இதற்குத் தனித் தாள் எடுங்கள். 71 முதல் 75 பாகை வடக்கு, 15 முதல் 33 பாகை கிழக்கு. வரையும்போது இரண்டு விதிகள். நேரத்தை 24 மணிக் கணக்கில் மட்டும் எழுதுங்கள். துருவ இரவில் சூரியனே எழாத இடத்தில் காலை, மாலை என்ற சொற்கள் வழிகாட்டாது. எந்த ஒரு அறிக்கையின் நேரத்தை எடுத்தீர்களோ, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

முதலில் ஆட்கள். பேர் தீவுக்குத் தெற்கே ஜேடபிள்யூ 55பி கான்வாய். கிழக்கிலிருந்து பர்னெட்டின் பெல்ஃபாஸ்ட், நார்ஃபோக், ஷெஃபீல்ட். தென்மேற்கிலிருந்து அட்மிரல் புரூஸ் ஃபிரேசரின் டியூக் ஆஃப் யார்க், ஜமைக்கா, நான்கு நாசகாரிக் கப்பல்கள். அந்த நான்கில் ஸ்டோர்ட் நார்வேக்காரர்களுடையது. ஆல்ட்டாவிலிருந்து ஷார்ன்ஹோர்ஸ்ட், தளபதி எரிக் பே. அவரோடு வந்த ஐந்து நாசகாரிக் கப்பல்கள் கான்வாயைத் தேடப் பிரிந்து போய், சண்டைக்குத் திரும்பி வரவே இல்லை.

08:40. பெல்ஃபாஸ்டின் ராடாரில் ஷார்ன்ஹோர்ஸ்ட் தென்படுகிறது, ஏறத்தாழ 32 கிலோமீட்டரில். 09:30-ஐ ஒட்டி முதல் சிவப்புக் குறி. நார்ஃபோக்கின் குண்டு ஒன்று ஷார்ன்ஹோர்ஸ்டின் முன்பக்க ராடாரை உடைத்தது. சிறிய சேதம்தான், ஆனால் இருட்டில் அந்தக் கப்பல் பாதிக் குருடாகிவிட்டது. அது திரும்பி விலகிப் போனது.

இந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி யோசியுங்கள். அலை மோசமாக இருந்ததால் பர்னெட்டின் கப்பல்கள் 24 நாட்டுக்கு மேல் போக முடியவில்லை. உருவத்தில் பெரிய ஷார்ன்ஹோர்ஸ்ட் அதே அலையில் இன்னும் வேகமாகப் போனது. துரத்தினால் இடைவெளி கூடத்தான் செய்யும். பர்னெட் துரத்தலை விட்டுக் கான்வாய்க்கும் எதிரிக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். தொடர்பைக் கைவிட்டது சரிதானா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. வரைபடத்தில் போட்டுப் பார்ப்பவருக்கு அவர் செய்தது சரியென்றே படும், எனக்குச் சந்தேகமில்லை. 12:05-க்கு, பர்னெட் எதிர்பார்த்தபடியே, ஷார்ன்ஹோர்ஸ்ட் வடகிழக்கிலிருந்து மறுபடி பெல்ஃபாஸ்டின் ராடாருக்குள் வந்தது. இரண்டாவது சிவப்புக் குறி. இந்த முறை நார்ஃபோக் இரண்டு அடி வாங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். மற்ற இரண்டு குரூசர்களிடமும் இரவுச் சண்டைக்கான, வெளிச்சம் குறைந்த வெடிமருந்து இருந்தது. நார்ஃபோக்கின் பீரங்கி வாயில் தெரிந்த பளீர் ஒளியைக் குறிவைத்தே ஜெர்மானியர்கள் சுட்டார்கள்.

12:40-க்குப் பிறகு பச்சைப் பென்சில். ஷார்ன்ஹோர்ஸ்ட் தெற்கே வீட்டைப் பார்த்து ஓடுகிறது. பர்னெட் சுடவில்லை. ஏழெட்டு மைல் பின்னால், எதிரியின் கண்ணில் படாமல், அது இருக்கும் இடத்தை ஃபிரேசருக்கு ஒலிபரப்பிக்கொண்டே தொடர்கிறார். 16:00-ஐத் தாண்டியதும் நார்ஃபோக் தீயை அணைக்க வேகம் குறைத்தது. ஷெஃபீல்டுக்குச் சுழல்தண்டில் கோளாறு. பெல்ஃபாஸ்ட் மட்டும் தனியாக மிஞ்சியது. ஷார்ன்ஹோர்ஸ்ட் திரும்பி நின்று சுட்டிருந்தால் 11 அங்குலப் பீரங்கிகளுக்கு எதிரே 6 அங்குலம். அது திரும்பவில்லை. 28 நாட் வேகம் என்று வைத்து மூன்றரை மணி நேரத்தைப் பெருக்குங்கள். கிட்டத்தட்ட நூறு கடல் மைல் பச்சைக் கோடு. மொத்தத் தாளிலும் நீளமான நேர்க்கோடு இதுவாகத்தான் இருக்கும்.

16:17. டியூக் ஆஃப் யார்க்கின் ராடாரிலும் எதிரி வந்துவிட்டது. 16:47-க்கு பெல்ஃபாஸ்ட் ஒளிக்குண்டு வீசியது. அடுத்த நிமிடம் டியூக் ஆஃப் யார்க்கும். வெளிச்சத்தில் தெரிந்த ஷார்ன்ஹோர்ஸ்டின் பீரங்கிகள் முன்னும் பின்னும் நேராக ஓய்வு நிலையில் இருந்தன. பொறி மூடப்பட்டது அதற்குத் தெரியவே இல்லை. அடுத்த மூன்று மணி நேரம் சிவப்பு. 18:20 அளவில் 14 அங்குலக் குண்டு கொதிகலன் அறையைத் தாக்கி வேகத்தைக் குறைத்தது. நாசகாரிகளின் டார்பிடோக்கள் மிச்சத்தைச் செய்தன. 19:45, ஏறக்குறைய 72½ பாகை வடக்கு, 28 பாகை கிழக்கு. அங்கே ஒரு பெருக்கல் குறி போடுங்கள். 1,968 பேரில் 36 பேர் பிழைத்தார்கள்.

பெல்ஃபாஸ்டில் ஓல்கா என்ற கலைமானும் இருந்தது, ரஷ்யர்கள் கொடுத்த பரிசு. பீரங்கிச் சத்தத்தில் மிரண்டு வெறிபிடித்துவிட்டதால் அதைச் சுட வேண்டியதாயிற்று. வரைபடத்தில் இதற்கு இடமில்லை; ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

படி 7: 1944-ஐ வேகமாக முடியுங்கள்

ஏப்ரல் 3: ஆல்ட்டாவில் இருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் பெரும்போர்க்கப்பல் மீது விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் குண்டு வீசின, பெல்ஃபாஸ்ட் பாதுகாப்புக்குச் சென்றது. நீலக் கோடு போதும். ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் வெர்-சுர்-மேர் அருகிலிருந்த ஜெர்மன் பீரங்கி நிலையைச் சுட்டது. அது நம் தாளின் தெற்கு ஓரத்துக்கும் கீழே போய்விடும். அம்புக்குறி மட்டும் போடுங்கள். அந்தக் கப்பலில் ஏறித் தரையிறக்கத்தைப் பார்க்கச் சர்ச்சில் பிடிவாதம் பிடித்ததையும், அரசர் ஆறாம் ஜார்ஜ் தடுத்ததையும் தனிக்கதையாகப் படித்துக்கொள்ளலாம்.

படி 8: சரிபார்ப்பது

ஃபிரேசரின் அதிகாரப்பூர்வ அறிக்கை 1947-இல் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டின் இணைப்பாக வெளிவந்தது. பிரிட்டிஷ் கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 53 என்ற வரிசையில் உள்ளன. உங்கள் கோடுகளை முதலில் கெசட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து பத்து மைல் விலகல் இருந்தால் அழிக்க வேண்டாம். துருவ இரவில், புயலில், விண்மீன் பார்க்க வழியில்லாமல் கப்பல்களே தங்கள் இடத்தை உத்தேசமாகத்தான் கணித்தன. கப்பலையே நேரில் பார்க்க விரும்பினால், 1971 முதல் லண்டன் டவர் பாலத்துக்கு அருகில் தேம்ஸ் நதியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அடித்தளத்தில் இறங்கிக் கொதிகலன் அறையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அடுத்த பயிற்சிக்கு இதன் உடன்பிறப்பான எடின்பரோவை எடுங்கள். பெல்ஃபாஸ்ட் முடங்கிக் கிடந்த அதே காலத்தில் இதே கடலில் உழைத்து, 1942 மே 2 அன்று பாரன்ட்ஸ் கடலில் மூழ்கிய கப்பல். அதில் 465 தங்கக் கட்டிகள் இருந்தன. 1981-இல் 431, 1986-இல் 29 வெளியே எடுக்கப்பட்டன. கோலாவிலிருந்து தொடங்குங்கள், க்யூபி 11 கான்வாயோடு மேற்கே போங்கள். ஏப்ரல் 30 அன்று யு-456 நீர்மூழ்கியின் டார்பிடோ பட்ட இடத்திலிருந்து கோடு திரும்பவும் கிழக்கே வளையும். அங்கே கவராயத்தை அட்சரேகை ஓரத்தில் மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.