ரோலிங் ஸ்டாப்பி பழகுவது எப்படி? முதலில் பிரேக்கை விடப் பழகுங்கள்

ஓடுகிற பைக்கில் முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கி, முன் சக்கரத்தில் மட்டும் கொஞ்ச தூரம் உருண்டுபோய், வண்டி நிற்பதற்குள் பின் சக்கரத்தைத் திரும்பத் தரையில் இறக்குவதுதான் ரோலிங் ஸ்டாப்பி. வாலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும் சாதாரண ஸ்டாப்பி வேறு, இது வேறு. பழகப் பொறுமை வேண்டும், ஆனால் ஒழுங்காகப் பழகியவர்களுக்கு முன் பிரேக் மேல் கிடைக்கும் கட்டுப்பாடு சாதாரணமாக வருஷக்கணக்கில் வண்டி ஓட்டினாலும் கிடைக்காது என்பது என் அனுபவம்.

பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. ஊர் ஒதுக்குப்புறம், விடியற்காலை, ஆளே இல்லை என்றாலும் அது சாலைதான். மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவின்படி ஆபத்தாக ஓட்டியதற்கு முதல் முறையிலேயே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியம், முன் சக்கரத்தில் உருளும்போது குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தால் உங்களால் எதுவுமே செய்ய முடியாது. உரிமையாளர் அனுமதியோடு, சுற்றி அடைப்புள்ள, சமமான தார் அல்லது சிமெண்ட் தளம் பாருங்கள். நீளம் 150 மீட்டராவது வேண்டும்.

சரி, பின் சக்கரம் ஏன் எழும்புகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது புரியாமல் பிரேக்கைப் பிடிப்பவர்கள்தான் விழுகிறார்கள். முன் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் சேர்ந்து முன் சக்கரத்தின் மேல் போய் உட்காருகின்றன. பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பத் தேவையான பிரேக் விசை இருக்கிறதே, அது நல்ல தார் ரோட்டில் ஒரு நல்ல டயர் தாங்கக்கூடிய உச்சத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால்தான் ஒரு கைப்பிடி மணல் கிடந்தாலும் பின்னால் தூக்குவதற்கு முன்பே முன்னால் வழுக்கிவிடும். அந்த அளவுக்குப் பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தால் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி சுமார் மூன்றரை மீட்டரில் நின்றுவிடும், 50இல் போவது 10 மீட்டரில், 60இல் போவது 14 மீட்டரில். அப்புறம் எப்படி ஆட்கள் அவ்வளவு தூரம் உருட்டுகிறார்கள்? பின்பக்கம் உயர உயர, மொத்தப் பாரத்தின் மையம் முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே நெருங்கிக்கொண்டே வருகிறது, அது நெருங்க நெருங்க வாலை அதே உயரத்தில் வைத்திருக்கத் தேவையான பிரேக்கும் குறைந்துகொண்டே போகிறது. மையம் சரியாக நேர் மேலே வந்துவிட்டால் பிரேக்கே தேவையில்லை, அதையும் தாண்டிவிட்டால் வண்டி உங்களைத் தூக்கிப் போட்டுக் கவிழும். ஆக, தூக்குவதற்குப் பிடித்த பிரேக்கை அதே அளவில் பிடித்துக்கொண்டே இருந்தால் வால் இன்னும் இன்னும் ஏறும். தூக்கிய அடுத்த நொடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கத் தெரிந்தால்தான் உருள முடியும். இந்த வித்தை முழுவதுமே அந்த விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது.

எந்த வண்டி?

இந்தியாவில் ஸ்டன்ட் பழகுகிறவர்கள் பலர் பழைய கேடிஎம் டியூக் 200ஐத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 2012இல் வந்த அந்த வண்டியில் பெரிய முன் டிஸ்க், அதைப் பேடால் கவ்வும் நான்கு பிஸ்டன் கேலிப்பர், தடிமனான தலைகீழ் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), எல்லாம் கம்பெனியிலிருந்தே வந்தன. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2018 கடைசியில்தான் அதில் வந்தது. அதே 2012இல் வந்த பல்சர் 200 என்எஸ்ஸும் நல்ல வண்டிதான். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டியிலும் ஏபிஎஸ் கட்டாயம் ஆகிவிட்டது. சிங்கிள் சேனல் என்றால் அது முன் சக்கரத்தில்தான் வேலை செய்யும், சில வண்டிகளில் பின் சக்கரம் எழும்பினாலே பிரேக்கைத் தளர்த்திவிடும் வசதியும் கூடவே இருக்கிறது. நீங்கள் பிடிக்கும் அளவு ஒன்று, டிஸ்க்குக்குப் போகும் அளவு இன்னொன்று என்று ஆகும்போது விரலால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதற்காகத் தினமும் ஆபீஸ் போகிற வண்டியில் ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்காதீர்கள். என்றாவது மழையில் அந்த ஏபிஎஸ்தான் உங்களைக் காப்பாற்றும். பழகுவதற்கென்று ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குவதே நல்லது, கீழே போட்டாலும் மனசு வலிக்காது.

வண்டியில் பார்க்க வேண்டியது: முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கக் கூடாது. அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பேட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கில் செயினுக்கு அடிக்கும் ஆயில் தெறித்திருந்தால் பிடிமானம் ஒருமுறை இருக்கும், மறுமுறை இருக்காது, அதைச் சுத்தமாகத் துடையுங்கள். ஃபோர்க் ஆயில் சீல் கசியக் கூடாது. கோன்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்) இறுக்கமாக இருக்க வேண்டும். முன் டயரில் கம்பெனி சொன்ன காற்று. ஹேண்டில்பார் நட்டு, முன் ஆக்ஸில் நட்டு இரண்டையும் ஸ்பேனர் வைத்தே பாருங்கள்.

உங்கள் உடம்புக்கு: முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், கவசம் வைத்த ஜாக்கெட், கையுறை, முட்டிக் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ். ஸ்டாப்பியில் விழுந்தால் பெரும்பாலும் முன்னால் கையை ஊன்றித்தான் விழுவோம், அதனால் மணிக்கட்டு காக்கும் கையுறைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் இருக்கட்டும், முதலுதவிப் பெட்டியோடு.

முதல் படி: தூக்காமல் பிரேக் பிடிப்பது

தளத்தை முழுக்க நடந்து பார்த்து மணல், ஜல்லி, ஆயில் கறை எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுங்கள். நாலைந்து சுற்று ஓட்டி டயரைச் சூடாக்குங்கள். பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, கிளட்சை முழுக்கப் பிடித்து, முன் பிரேக்கை மட்டும் இரண்டு விரலால் பிடித்து நிறுத்துங்கள்.

பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. லீவரை வெடுக்கென்று இழுத்தால் பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் டயர் லாக் ஆகிவிடும், கண் இமைப்பதற்குள் தரையில் இருப்பீர்கள். இரண்டு கட்டமாகப் பிடியுங்கள். முதலில் லேசாக, பேட் டிஸ்க்கைத் தொட்டு ஃபோர்க் கீழே அமுங்குகிற அளவுக்கு. ஃபோர்க் அமுங்கியதும் உள்ளங்கையில் ஒரு பாரம் தெரியும், டயர் தரையில் அழுந்திவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் மீதியைப் பிழியுங்கள். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, விசை நிற்காமல் ஏற வேண்டும். டயர் கிறீச் என்றால் உடனே விடுங்கள். இந்த ஒரு படியிலேயே சில நாட்கள் இருங்கள், அவசரமே இல்லை.

பின் பிரேக்கை மறந்துவிடுங்கள், காலைப் பெடல் மேலிருந்து எடுத்து ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். பின் சக்கரம் காற்றில் இருக்கும்போது தெரியாமல் மிதித்தால் அது சுற்றுவது நின்றுவிடும், நின்ற சக்கரம் தரையைத் தொட்டால் பக்கவாட்டில் இழுக்கும். கிளட்ச் பிடிப்பதும் இதற்காகத்தான். பிடிக்காமல் விட்டால் இன்ஜின் அணைந்துபோய்ப் பின் சக்கரமும் கூடவே நின்றுவிடலாம்.

இரண்டாம் படி: ஒரு சாண் உயரம்

அதே 30 கிலோமீட்டர் வேகம்தான். முழங்கால் இரண்டாலும் டேங்கை இறுக்கிக் கவ்வுங்கள். உடம்பைத் தாங்க வேண்டியது முழங்கால்தான், கை அல்ல. கையில் பாரத்தைப் போட்டால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் திரும்பும். முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும், முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் உடம்பும் அங்கேயே போகும்.

பிழியும்போது பின்னால் சீட் உங்களை மெல்ல மேலே தள்ளுவது தெரியும். தெரிந்த உடனே பிரேக்கை விடுங்கள். வால் பொத்தென்று இறங்கும், இப்போதைக்கு அது போதும். முன் சக்கரத்தைத் தூக்கும் வீலியில் பயந்தால் பின் பிரேக்கை மிதிக்க வேண்டும், இங்கே பயந்தால் விட வேண்டும், ஆனால் பயந்தவுடன் கை தானாக இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். அதனால் தூக்குவதைவிட, தூக்கியதும் விடுவதைத்தான் யோசிக்காமல் வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கூட வந்தவரை செல்போனைச் சக்கர மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டடி தூக்கியது போலத் தோன்றும், வீடியோவில் பார்த்தால் நாலு விரற்கடைதான் இருக்கும்.

வால் ஒரு பக்கமாக ஓடுகிறதா? பிரேக் பிடித்த நேரத்தில் ஹேண்டில் துளி திரும்பியிருக்கும், அல்லது ஒரு தொடை மட்டும் அழுத்தியிருக்கும். காற்றில் வைத்தே நேராக்கப் பார்க்காதீர்கள், விட்டு இறக்கிவிட்டு அடுத்த முறை நேராக வாருங்கள்.

மூன்றாம் படி: உருட்டுவது

ஒரு சாண் உயரம் சொன்னபடி கேட்கிறது, விடுவது தானாக வருகிறது என்றால் மட்டும் வேகத்தை 50க்கு ஏற்றுங்கள், பிறகு 60. உருட்ட வேகம் வேண்டும், ஆனால் வேகம் கூடினால் பிரேக்கையும் கூட்ட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே இரண்டு கட்டப் பிடி, அதே பிழிதல். வால் எழும்பி மேலே போகத் தொடங்கியதும் விரலை எடுக்காமல், லீவரில் இருக்கும் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். மூன்று விதமாக நடக்கலாம். அதிகம் குறைத்தால் வால் இறங்கும், குறைக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும், சரியாகக் குறைத்தால் அங்கேயே மிதக்கும். மிதக்கிற அந்த நேரம் முதலில் அரை நொடிகூட இருக்காது. அதை நீட்டுவதுதான் இனி உங்கள் வேலை. ஏறினால் ஒரு நூல் விடு, இறங்கினால் ஒரு நூல் பிடி, விரல் ஓயாமல் இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் கிறிஸ் ஃபைஃபர், நான்கு முறை உலக ஸ்டன்ட் சாம்பியன், 2022இல் மறைந்துவிட்டார். அவர் ஓட்டிய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். பாறை, மேடு மேல் காலை ஊன்றாமல் ஓட்டும் ட்ரயல்ஸ் போட்டியில் வளர்ந்தவர், மெதுவான வேகத்தில் வண்டியைச் சமநிலையில் வைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. வால் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அவருடைய தோளில் இறுக்கமே தெரியாது.

முடிவில்தான் ஆபத்து அதிகம், இதைக் கவனமாகப் படியுங்கள். வேகம் குறையக் குறைய டிஸ்க்கில் பேட் இன்னும் கெட்டியாகக் கவ்வும். 40 வேகத்தில் பிடித்த அதே அழுத்தம் 10 வேகத்தில் வண்டியைச் சட்டென்று நிறுத்தி, வாலை எதிர்பாராத உயரத்துக்கு எறியும். ஆட்கள் தலைகுப்புறப் போவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான். ஆகவே 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருக்கும்போதே வாலை இறக்கிவிடுங்கள். ஹேண்டில் நேராக இருக்க, பிரேக்கைச் சீராக விட, பின் சக்கரம் தரையைத் தொட்டு வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் கிளட்சை விட வேண்டும். நின்றுகொண்டு இறக்கினால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உடம்பைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் வால் எளிதாக எழும்பும், பிரேக்கும் குறைவாகப் போதும் என்பதால் தேர்ந்தவர்கள் அப்படித்தான் தூரத்தைக் கூட்டுகிறார்கள். உங்களுக்கு அது இப்போது வேண்டாம், ஏனென்றால் தப்பிக்கக் கிடைக்கும் இடைவெளியும் அதோடு சேர்ந்து குறைகிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே 15 மீட்டர் நேர்கோட்டில் உருட்டி, ஓட ஓட இறக்க முடிகிற வரைக்கும் உடம்பை நகர்த்த வேண்டாம்.

கை அசந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அசந்த விரல் விட வேண்டிய நேரத்தில் விடாது. நாலைந்து முறைக்கு ஒருமுறை டிஸ்க்கை ஆறவிடுங்கள், லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனால் பிரேக் ஆயில் சூடாகிவிட்டது, காத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் கோன்செட் தளர்ந்துவிட்டது. ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலம் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் சிக்கி நின்றால் பேரிங் குண்டு பதிந்து குழி விழுந்திருக்கும், இறுக்கினால் சரியாகாது, கோன்செட்டையே மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் அடுத்த முறை தளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.