பசிவ் ரேடியேற்றர்: நானும் கிழித்தவன்தான்

சென்ற மாதம் கல்லடியில் ஒரு தம்பி, தானே செய்த சப்வூஃபரை (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான பெட்டி) கேட்க அழைத்தார். முன்பக்கம் பத்து அங்குல வூஃபர். அதன் கீழே அதே அளவில், காந்தம் கழற்றிய பழைய வூஃபர் ஒன்று பசிவ் ரேடியேற்றராக. அதற்கு மின்சாரம் இல்லை; வூஃபர் பெட்டிக்குள் எழுப்பும் காற்றழுத்தத்தால் மட்டும் அசையும் கோன் அது. ஒலியைக் கூட்டியதும் கீழிருந்து 'டப், டப்'. எனக்குப் பழகிய சத்தம்: ரேடியேற்றர் தன் எல்லையில் முட்டுகிறது. அதில் நான் செய்த, கண்ட பிழைகளைச் சொல்கிறேன். மரம் அறுப்பதிலும் பசை பூசுவதிலும் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

ஒன்றுக்கு ஒன்று

வூஃபர் ஒன்று என்றால் ரேடியேற்றரும் ஒன்று போதும் என்று மனம் சொல்லும். பெட்டியை எந்த மீடிறனுக்கு இசைவித்தீர்களோ, அங்கே வூஃபரின் கோன் அசைவது மிகக் குறைவு. காற்றைத் தள்ளும் பாடு பெரும்பாலும் ரேடியேற்றருடையது. ஆகவே வூஃபர் தள்ளும் காற்றைப் போல் குறைந்தது இரு மடங்கை அது தள்ள வேண்டும்.

கோனின் பரப்பை அசைவால் பெருக்குங்கள். பத்து அங்குலக் கோன் சுமார் 330 சதுர சென்ரிமீற்றர். வூஃபர் ஒரு பக்கமாக 10 மில்லிமீற்றர் அசைந்தால் 330 கன சென்ரிமீற்றர். ரேடியேற்றருக்கு 660 வேண்டும். என்னிடம் இருந்த பழைய கோனோ 6 மில்லிமீற்றரில் விறைத்து நின்றது. அது 200 கூட இல்லை. அப்படி இரண்டு போட்டாலும் 400தான்.

நான் இதை அறிந்தது தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு. ரேடியேற்றரின் சரவுண்ட், அதாவது கோனின் விளிம்பைப் பிடிக்கும் வளையம், பாதி வட்டம் கிழிந்தது. பெட்டிக்குள் காற்றின் பிடி போனதும் வூஃபர் கட்டுப்பாடின்றிக் குதித்தது. யாரும் ஒலியைக் குறைப்பதற்குள் அதன் கொயில் (காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருள்) உரசத் தொடங்கிவிட்டது. கல்முனையில் பேரம் பேசி வாங்கிய வூஃபர். அதைவிட எரிச்சல், பெட்டியில் பெரிய ரேடியேற்றருக்கு இடமே இல்லை. முழு பிளைவூட் பலகையும் வீண். இப்போது பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்துகிறேன். ஒன்றின் உதறலை மற்றது ஈடுசெய்வதால் பெட்டி தரையில் நகர்வதில்லை.

கண்ட இடத்தில் எடை

வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கோனின் ஓரத்தில் ஒட்டியவன் நான். கோன் சாய்ந்தாடியது. எடை கோனின் நடுவில்தான் இருக்க வேண்டும்: அங்கே ஓர் ஆணி, அதில் வொஷர்கள். வேண்டியபோது கூட்டலாம், குறைக்கலாம். பெட்டி இசைந்த மீடிறனை 40 ஹேர்ட்ஸிலிருந்து 30 ஆக இறக்க, கோனையும் சேர்த்து மொத்த எடை ஏறக்குறைய 1.8 மடங்காக வேண்டும்.

ஸ்பைடரை வெட்டுதல்

ஸ்பைடர் என்பது கோனின் பின்னால் அதை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணி. வெட்டாதீர்கள்.

வானம் பார்க்கப் பொருத்துதல்

எடை ஏறிய கோன் நாளடைவில் உள்ளே தொங்கிவிடும். பக்கச் சுவரில் பொருத்துங்கள்.

காற்றுக் கசிவு

ரேடியேற்றரை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பிடியுங்கள். வூஃபர் வெளியே வந்து நிற்க வேண்டும். உடனே திரும்பினால் எங்கோ கசிகிறது. மாரி முடிந்ததும் இதை இன்னொரு முறை பாருங்கள். என் பெட்டியின் ஒரு மூலை ஊறிக் காய்ந்து வாய் பிளந்திருந்தது.

கல்லடித் தம்பி நேற்று அழைத்தார். பன்னிரண்டு அங்குலக் கோன் கிடைத்துவிட்டதாம். எத்தனை என்று கேட்டேன்.

ஒன்று.